பிடுங்கிய தண்டவாளத்தின் தடம்: மூடிய கிளைப் பாதையின் வரலாற்றைத் தேடும் முறை

மூடிய ரயில் பாதை ஒன்றின் மேல் ஆர்வம் வந்தவர்கள் பெரும்பாலும் முதல் ஞாயிற்றுக்கிழமையே கேமராவோடு கிளம்பிவிடுகிறார்கள். அங்கே இருப்பது சீமைக் கருவேலங்காடும் பாதி இடிந்த ஒரு மதகும், "இந்த வழியாத்தான் வண்டி போச்சு" என்று கை நீட்டும் பெரியவர் ஒருவரும்தான். திரும்பி வரும்போது கையில் நாலு படமும் ஒரு வதந்தியும் மிஞ்சும். தண்டவாளத்தைப் பிடுங்கிவிடலாம், சிலிப்பர் கட்டையை ஏலம் விட்டுவிடலாம். பாதைக்கென்று எடுத்த நிலத்தை வருவாய்த்துறைப் பதிவேட்டிலிருந்து அவ்வளவு சுலபத்தில் அழிக்க முடியாது. ஆகவே முதலில் தாள், அடுத்து வரைபடம், பிறகு நிலப் பதிவு, கடைசியில்தான் நடை.

இந்த வழிகாட்டியில் இரண்டு பாதைகளை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஒன்று மயிலாடுதுறை–தரங்கம்பாடி. மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர். நீளம் சுமார் 30 கி.மீ., 1926-இல் திறந்து 1986-இல் மூடியது. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாகப் போனது. மற்றது மொரப்பூர்–தருமபுரி–ஓசூர். இது 2 அடி 6 அங்குல நேரோ கேஜ், அதாவது 762 மி.மீ. தருமபுரி வரை 1906-இல் வந்தது, ஓசூர் வரை 1913-இல் நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1941-இல் மூடித் தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள். தரங்கம்பாடி வண்டியில் ஏறியவர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஓசூர் சின்ன வண்டிக்குச் சாட்சி காகிதமும் மண்ணும்தான். அதனால் இரண்டுக்கும் வேலை முறை கொஞ்சம் மாறும்.

முதலில் பெயர், மாவட்டம், கம்பெனி

ஆவணக் காப்பகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்புகிறவர்களில் பலர் இன்றைய பெயரை வைத்துத் தேடியவர்கள். மயிலாடுதுறை 1982 வரை மாயூரம், ஆங்கில ஆட்சிக் காகிதங்களில் மாயவரம். நிலையத்தின் குறியீடு இன்றும் எம்.வி.தான். தரங்கம்பாடி 'டிரான்குபார்' என்றே இருக்கும். இராயக்கோட்டையை 'ராயகோட்டா' என்றும், பாலக்கோட்டைப் 'பாலகோடு' என்றும், திருப்பத்தூரைத் 'திரிபத்தூர்' என்றும் எழுதியிருப்பார்கள். தேடல் தொடங்கும் முன் ஒவ்வொரு ஊருக்கும் நாலைந்து எழுத்துக்கூட்டல்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த புத்தகங்களில் எழுத்துணரி மென்பொருள் செய்யும் பிழைகளையும் அதில் சேருங்கள்.

மாவட்ட எல்லை அடுத்த பொறி. மயிலாடுதுறை மாவட்டம் 2020-இல் பிறந்தது, அதற்கு முன் நாகப்பட்டினம், 1991-க்கு முன் தஞ்சாவூர். தரங்கம்பாடிப் பாதையின் பிறப்பு, இறப்பு இரண்டுமே தஞ்சாவூர் மாவட்டக் கோப்புகளில்தான் கிடக்கும். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி 2004-இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே ஓசூர்ப் பாதைக்குச் சேலம் கோப்புகள். அதே காலத்தின் இன்னொரு நேரோ கேஜ் பாதையான திருப்பத்தூர்–கிருஷ்ணகிரியைத் தேடுகிறவர் வட ஆற்காட்டுக் கோப்புகளையும் புரட்ட வேண்டும், ஏனென்றால் திருப்பத்தூர் வட்டம் 1911-இல் சேலத்திலிருந்து அங்கே மாறியது.

கம்பெனிகளும் இப்படித்தான். மொரப்பூர் இருக்கும் பெரிய பாதை 1907 முடியும் வரை மெட்ராஸ் ரயில்வேயுடையது, 1908 முதல் சவுத் இந்தியன் ரயில்வேயுடையது. அந்தக் கம்பெனியை 1944-இல் அரசு எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 முதல் தெற்கு ரயில்வே. ஒரே பாதையின் ஆரம்ப ஆண்டு அறிக்கை ஒரு கம்பெனியின் பெயரிலும் மூன்றாம் ஆண்டு அறிக்கை இன்னொன்றின் பெயரிலும் இருக்கும். பாதையைக் கட்டிய காசு யாருடையது, வண்டி ஓட்டியவர் யார் என்பதையும் தனித்தனியாகக் குறியுங்கள். 1894-இல் திறந்த மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதை தஞ்சை ஜில்லா போர்டின் சொத்து, ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே. அப்படிப்பட்ட பாதைக்குக் கோப்பு ரயில்வேயிடம் மட்டும் இருக்காது, உள்ளாட்சித் துறையின் அரசாணைகளிலும் இருக்கும்.

தாள்

எலும்புக்கூட்டைத் தருவது கால அட்டவணை. பொது அட்டவணையில் நிலையங்களின் வரிசை, தூரம், ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்பது கிடைக்கும். கல்கத்தாவில் நியூமன் கம்பெனி போட்ட இந்தியன் பிராட்ஷாவின் பழைய இதழ்கள் நூலகங்களில் உண்டு. அதைவிட உயர்ந்தது ஊழியர்களுக்கான வேலை அட்டவணை: வேகக் கட்டுப்பாடு, கிராசிங் வசதி (எதிரெதிர் வண்டிகள் விலகிப்போக இன்னொரு தடம்) உள்ள நிலையம் எது, வெறும் ஹால்ட் (சிறு நிறுத்தம்) எது, டோக்கன் முறை (ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியை மட்டும் விடும் ஏற்பாடு) என்ன, தண்ணீர் பிடிக்கும் இடம் எது என எல்லாம் அதில் இருக்கும். பழைய இரும்புக் கடையிலும் ஓய்வு பெற்றவர்களின் பரணிலும் இன்னும் அகப்படுகிறது. குறைந்தது மூன்று காலகட்ட அட்டவணைகளைச் சேர்த்து ஒப்பிடுங்கள்: திறந்த புதிதில் ஒன்று, நடுவில் ஒன்று, மூடுவதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒன்று. நிலையம் ஹால்ட்டாகத் தாழ்ந்ததும், நாலு வண்டி இரண்டாகக் குறைந்ததும் அப்படித்தான் தெரியவரும். ஒரு எச்சரிக்கை: 1960-களில் மைல் கிலோமீட்டரானது. பழைய தூரத்தை 1.609-ஆல் பெருக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். மைலுக்கு 8 பர்லாங், ஒரு பர்லாங் 201 மீட்டர், ஒரு செயின் 66 அடி. பொறியாளர் அறிக்கைகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் பேசும்.

திறந்த தேதிக்கு ரயில்வே வாரியம் வெளியிட்டுவந்த, இந்தியப் பாதைகளின் கட்டுமான வரலாற்றுத் தொகுப்புதான் முதல் இடம். பகுதி பகுதியாக அனுமதித் தேதி, திறந்த தேதி, மைல் கணக்கு மூன்றும் அதில் உண்டு. ஆண்டு நிர்வாக அறிக்கைகளில் வருமானம், செலவு, பயணிகள் எண்ணிக்கை. இவற்றில் பல இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாவட்ட கெசட்டியர்களைப் பார்க்கும்போது அச்சான ஆண்டை முதலில் பாருங்கள். ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் கெசட்டியர் 1918-இல் வந்தது, ஓசூர்ப் பாதைக்குப் பொருந்தும். ஹெமிங்வே தொகுத்த தஞ்சாவூர் கெசட்டியர் 1906, தரங்கம்பாடிப் பாதைக்கு இருபது ஆண்டு முந்தியது. அதில் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது.

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் உங்களிடம் அரசாணை எண்ணோ தேதியோ துறையோ இருந்தாக வேண்டும். "ரயில் பற்றி ஏதாவது" என்று கேட்டால் ஒருநாள் வீண். பொதுப்பணித் துறையின் ரயில்வே பிரிவு நடவடிக்கைகளின் ஆண்டு அட்டவணையை முதலில் கேளுங்கள். அதில் உங்கள் ஊர்ப் பெயர் உள்ள பதிவுகளைக் குறித்துக்கொண்டு பிறகு கட்டுகளைக் கேட்பதுதான் வழக்கம். டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை அபிலேக் படல் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். கம்பெனிக் காலத்து உள்விவகாரங்களுக்கு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். கன்னிமாரா நூலகத்தில் அரசிதழ்கள், தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பத்திரிகைகள்.

1950-க்குப் பிறகு மூடிய பாதைகளுக்கு யாரும் பெரிதாகப் பயன்படுத்தாத சுரங்கம் ஒன்று உண்டு: நாடாளுமன்ற விவாதங்கள். நட்டத்தில் ஓடும் கிளைப் பாதைகளை ஆராய 1969-இல் ஒரு குழுவே வேலை செய்தது. அதற்கு முன்னும் பின்னும் தொகுதி உறுப்பினர்கள் "எங்கள் ஊர்ப் பாதையை மூடப் போகிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அமைச்சரின் பதிலில் வருமானமும் நட்டமும் எண்ணாக வரும். மக்களவை மின்னூலகத்தில் 1952 முதல் தேடலாம், பழைய எழுத்துக்கூட்டலில்.

வரைபடம்

சர்வே ஆஃப் இந்தியாவின் ஒரு அங்குலத் தாள், அதாவது 1:63,360 அளவு, இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்தது. தாள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். மயிலாடுதுறை 58 எம் கட்டத்தின் 12-ஆம் தாளில், தரங்கம்பாடி அதே கட்டத்தின் 16-ஆம் தாளில். ஓசூர் 57 எச், தருமபுரியும் மொரப்பூரும் 57 எல். இன்று இணையத்தில் இலவசமாகத் தரும் புதிய வரிசைத் தாள்களின் எண் முறை வேறு, உள்ளடக்கமும் இன்றைய நிலை. மூடிய பாதைக்குப் பழைய பதிப்புதான் தேவை. அமெரிக்க ராணுவம் 1950-களில் போட்ட 1:250,000 வரிசை டெக்ஸஸ் பல்கலைக்கழகத் தளத்தில் கிடைக்கிறது. தரங்கம்பாடிப் பாதையின் பொதுப் போக்குக்கு அது போதும்.

எந்தத் தாளிலும் அச்சிட்ட ஆண்டை நம்பாதீர்கள். ஓரத்தில் சிறிய எழுத்தில் எந்த ஆண்டில் அளந்தது, எதைப் பின்னால் திருத்தியது என்று இருக்கும். 1955-இல் அச்சான தாள் 1930-இன் அளவீட்டைச் சுமந்து வரலாம். 1941-இல் எடுத்துவிட்ட பாதையை அது ஓடும் பாதை போலவே காட்டக்கூடும். ரயிலுக்கான குறியீடும் பதிப்புக்குப் பதிப்பு மாறும், தாளின் கீழே உள்ள விளக்கத்தைப் பார்த்த பிறகே கேஜைச் சொல்லுங்கள்.

வரைபடத்தை கியூஜிஐஎஸ் மென்பொருளில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த வேண்டும். தாளின் நாலு மூலை அட்சதீர்க்கக் கோடுகளை மட்டும் வைத்துப் பொருத்தினால், பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தில் (பூமியின் வடிவத்துக்கு அன்று இங்கே வைத்துக்கொண்ட கணக்கு) வரைந்தவை என்பதால், நம் பக்கத்தில் எல்லாமே இருநூறு மீட்டர் அளவுக்கு நகர்ந்து உட்காரும். அந்த இருநூறு மீட்டர் ஒரு வாய்க்காலின் இந்தக் கரையா அந்தக் கரையா என்பதை மாற்றிவிடும். ஆகவே தரையில் மாறாத இடங்களைப் பிடியுங்கள்: கோயில் கோபுரம், குளத்தின் மூலை, ஆறு பிரியும் இடம், இன்றும் ஓடும் ரயில் பாதையின் பாலம். ஆறு புள்ளிகளுக்குக் குறையாமல், தாள் முழுக்கப் பரவலாக. கடற்கரையையும் ஆற்று வளைவையும் புள்ளியாக எடுக்காதீர்கள், அவை இடம் மாறும். சாலைச் சந்திப்பும் நம்பகமில்லை, நேராக்கியிருப்பார்கள். பொருத்திய பிறகு பிழை 30, 40 மீட்டருக்குள் வந்தால் அந்த அளவுத் தாளுக்கு நல்ல பலன். அதற்கும் கீழே கொண்டுவரப் புள்ளிகளை வளைத்து நெளிப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

தரங்கம்பாடிப் பாதைக்கு இன்னொரு அதிர்ஷ்டம் உண்டு. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கொரோனா படங்களை இப்போது அமெரிக்க நிலவியல் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் வாங்கலாம். முன்பே ஸ்கேன் ஆனவை இலவசம், ஆகாதவற்றுக்கு ஒரு படத்துக்கு 30 டாலர். பிந்தைய கேமராக்களின் தெளிவு சுமார் 2 மீட்டர். வண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே பாதையை மேலிருந்து பார்க்கச் சாமானியருக்கு இது ஓர் எளிய வழி. பட்டியலில் மேகம் குறைந்த, ஜனவரி முதல் மே வரையிலான தேதிகளைத் தேர்ந்தெடுங்கள்.

செயற்கைக்கோள் படத்தில் வளைவுதான் ரயிலைக் காட்டிக்கொடுக்கும். மீட்டர் கேஜில் அனுமதித்த மிகக் கூர்மையான வளைவு 16 டிகிரி, ஆரம் சுமார் 109 மீட்டர். நேரோ கேஜில் 40 டிகிரி, சுமார் 44 மீட்டர். நடைமுறையில் சமவெளிப் பாதைகள் இதைவிட எவ்வளவோ மெதுவாகத் திரும்பும். வளைவின் மேல் ஒரு நேர்கோடு போட்டு, அதன் நடுவிலிருந்து வளைவு எவ்வளவு விலகுகிறது என்று அளங்கள். கோட்டின் நீளத்தின் வர்க்கத்தை அந்த விலகலின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம் வந்துவிடும். 200 மீட்டர் கோடு, 10 மீட்டர் விலகல் என்றால் ஆரம் 500 மீட்டர், ரயிலுக்குப் பொருந்தும். 60 மீட்டர் ஆரத்தில் திரும்பும் மீட்டர் கேஜ் தடம் என்று யாராவது காட்டினால் அது வண்டிப்பாதை.

டெல்டாவில் ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, ரயில் கரை மூன்றும் மேலிருந்து ஒன்றுபோலத் தோன்றும். வாய்க்கால் கரை தண்ணீரோடு சேர்ந்து நெளியும், ரயில் கரை தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும். தருமபுரி–ஓசூர் பக்கத்தில் வேறு குழப்பம்: அதே ஊர்களின் வழியாகச் சேலம்–பெங்களூரு மீட்டர் கேஜ் பின்னால் வந்து, அதுவும் அகலப் பாதையானது. விட்டுப்போன மீட்டர் கேஜ் வளைவு ஒன்றைப் பார்த்து "சின்ன ரயில் தடம்" என்று மகிழ்ந்துபோக இடம் உண்டு.

நிலப் பதிவு

கோட்டை வரைந்தாயிற்று. இனி அது எந்தெந்தக் கிராமங்களின் வழியாகப் போகிறது என்று பட்டியல் போடுங்கள், வருவாய்க் கிராமத்தின் பெயரில். நிலையத்தின் பெயரும் நிலையம் நிற்கும் வருவாய்க் கிராமமும் பல இடங்களில் வேறு வேறு. தமிழக அரசின் டிஎன்ஜிஐஎஸ் தளத்தில் உள்ள நில வரைபடத்தில் கோட்டின் மேல் ஓரிடத்தைத் தட்டினால் புல எண் (சர்வே எண்) வரும். அந்த எண்ணை அரசின் இ-சேவைகள் தளத்தில் கொடுத்து 'அ' பதிவேட்டு விவரத்தையும் (ஒவ்வொரு புலமும் யாருடையது, என்ன வகை என்று காட்டுவது) புலப்படத்தையும் (அந்தப் புலத்தின் அளவு வரைபடம்) எடுங்கள். பதிவேட்டில் 'ரயில்வே', 'ரயில்வே புறம்போக்கு' போன்ற குறிப்பு வந்தால் கதவு திறந்துவிட்டது. கிராம வரைபடத்தில் அந்த எண் வயல்களைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகும் ஒரு நீண்ட நாடா போலத் தெரியும். பழைய கிராம வரைபடம் 16 அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் இருக்கும். நகல் வேண்டுமானால் வட்ட அலுவலக நில அளவைப் பிரிவு, இல்லாவிட்டால் சேப்பாக்கத்தில் உள்ள நில அளவைத் துறை.

இந்த நாடாவின் அகலம் பேசும். கிராமத்தில் ரயில்வேயின் மொத்தப் பரப்பை, பாதை அந்தக் கிராமத்தில் ஓடும் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். 2.40 எக்டேர், 800 மீட்டர் என்றால் சராசரி 30 மீட்டர். இதைவிடத் திடீரென்று அகலும் இடங்களைக் குறியுங்கள். ஒரே பக்கம் சில நூறு மீட்டருக்குப் புடைத்திருந்தால் நிலைய வளாகம். இரண்டு பக்கமும் சீராக அகன்றால் அங்கே உயரமான கரை இருந்திருக்கும், கரைக்கு மண் எடுத்த குழிகளையும் சேர்த்து நிலம் எடுத்திருப்பார்கள். நிலையம் எங்கே நின்றது என்று ஊரில் மூன்று பேர் மூன்று இடம் காட்டும்போது தீர்ப்புச் சொல்வது இந்தப் புடைப்புதான்.

இங்கே சறுக்குவது மூன்று இடங்களில். நிலம் எடுத்த அறிவிப்பு புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் அன்றைய புல எண்ணோடு வந்திருக்கும். அதன்பின் மறு நில அளவையும் 1980-களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டமும் எண்களை மாற்றிவிட்டன. பழைய எண்ணுக்குப் புதிய எண் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் இல்லாமல் அரசிதழை இன்றைய பதிவேட்டோடு சேர்க்க முடியாது. அடுத்தது, ஓசூர்ப் பக்கத்து ஜமீன், இனாம் கிராமங்கள். 1948-இன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே இவற்றில் பல முழுமையாக அளக்கப்பட்டன. அதற்குள் பாதை போய் ஏழு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, நாடா பதிவேட்டில் ஏறாமலே போயிருக்கும். அப்படிப்பட்ட கிராமத்தில் ரயில்வே நிலம் காணவில்லை என்றால் கோடு தவறு என்று முடிவெடுக்காதீர்கள், இரண்டு பக்கத்து ரயத்துவாரி (உழவர் நேரே அரசுக்கு வரி கட்டிய) கிராமங்களையும் பாருங்கள். மூன்றாவது, நிலத்தை நெடுஞ்சாலைத் துறைக்கோ மாநில அரசுக்கோ மாற்றிக்கொடுத்திருப்பது. வகைப்பாடு 'சாலை' என்று இருக்கும், வடிவம் மட்டும் பழையபடியே இருக்கும்.

தகவல் உரிமை மனு

ரயில்வேயிடம் உள்ளதைக் கேட்டு வாங்க இதுதான் வழி. கட்டணம் 10 ரூபாய், இணையத்தில் மத்திய அரசின் தளத்திலேயே போடலாம். பதிலுக்குக் கெடு 30 நாள். மனு 500 சொல்லுக்குள். யாருக்குப் போடுவது என்பதில்தான் பாதி வெற்றி. மயிலாடுதுறைக்குத் திருச்சிராப்பள்ளிக் கோட்டம். மொரப்பூருக்குச் சேலம் கோட்டம், அது 2007-இல்தான் உருவானது, முந்தைய கோப்பு பாலக்காட்டில் இருக்கலாம். தருமபுரியிலிருந்து ஓசூர் வரை தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூருக் கோட்டம், தெற்கு ரயில்வேயே அல்ல.

"பாதையை ஏன் மூடினீர்கள்?" என்று கேட்டால் "விளக்கம் கேட்பது தகவல் ஆகாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: மூட அனுமதித்த கடிதத்தின் எண், தேதி, நகல். மூடுவதற்கு முந்தைய பாலப் பட்டியல். நிலையங்களுக்கு இடையிலான நிலத் திட்ட வரைபடங்களின் நகல். தண்டவாளம் அகற்றிய ஒப்பந்தத்தின் தேதி. இந்த நிலம் இன்று யார் பெயரில் உள்ளது என்பதற்கான பதிவு. நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். வரைபடம் பெரிது, நகல் எடுக்க வசதியில்லை என்று பதில் வரும் என்பதால் "கோப்பை நேரில் பார்வையிட அனுமதி" என்று மனுவிலேயே சேர்த்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரப் பார்வை இலவசம், அதற்குமேல் மணிக்கு 5 ரூபாய். "கிடைக்கவில்லை" என்று வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பொறியியல், வணிகம், இயக்கம் என்று பிரிவு வாரியாகத் தனித்தனி மனு போடுவது பலன் தரும், ஒரு பிரிவில் கழித்துவிட்ட கோப்பு மற்றதில் தூங்கிக்கொண்டிருக்கும்.

களம்

டெல்டாவில் பிப்ரவரி முதல் மே வரை. சம்பா அறுவடை முடிந்து, மேட்டூர் அணை வழக்கமாக மூடும் ஜனவரி 28-க்கும் திறக்கும் ஜூன் 12-க்கும் நடுவில் வாய்க்கால்கள் வற்றிக் கிடக்கும், பாலத்தின் அடித்தூண்களைக் கீழே இறங்கிப் பார்க்கலாம். ஓசூர்ப் பக்கம் மார்ச், ஏப்ரல். உண்ணிச்செடி காய்ந்திருக்கும். கையில் 30 மீட்டர் நாடா, கைபேசியில் தடம் பதியும் செயலி, அச்சிட்ட கிராம வரைபடம், தடித்த காலணி. வயலுக்குள் இறங்கும் முன் சொந்தக்காரரிடம் சொல்லிவிடுங்கள். பல இடங்களில் கரையின் மேல் வீடும் தோட்டமும் இருக்கின்றன. அளவு நாடாவோடு வருகிறவரை அளந்து எடுக்க வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டால் அன்றைக்கு அந்த ஊரில் யாரும் பேசமாட்டார்கள்.

அளப்பதில் கரையின் உச்சி அகலத்தை நம்ப வேண்டாம். மீட்டர் கேஜுக்கு 16 அடியும் நேரோ கேஜுக்குச் சுமார் 12 அடியும் அன்றைய கணக்கு. நாற்பது மழைக்காலம் அதைக் கரைத்திருக்கும், அல்லது சாலை போட்டு அகட்டியிருப்பார்கள். பாலத்தின் முட்டுச்சுவர் மாறாது. அதன் மேல்தளத்தில் உத்திரம் உட்கார்ந்த கருங்கல் படுக்கையும் போல்ட் துளைகளும் இருக்கும், ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இருக்காது. இவை சேர்ந்திருந்தால் ரயில் பாலம். முட்டுச்சுவர்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அடியில் அளங்கள், 6, 10, 20, 40 என்று முழு எண்ணாக வரும். பொதுப்பணித் துறையும் அந்தக் காலத்தில் அடிக் கணக்கில்தான் கட்டியது என்பதால் இது ஒன்றே சான்றாகாது. பாலப் பட்டியல் கையில் இருந்தால் ஒவ்வொரு மதகையும் மைல் கணக்கோடு சேர்த்துச் சரிபார்க்கலாம். இரண்டு பாலம் பட்டியலில் இருந்து களத்தில் இல்லையென்றால் வாய்க்கால் தூர்ந்ததா, மதகு சாலைக்கு அடியில் போனதா என்று பாருங்கள்.

நிலையம் இருந்த இடத்தில் கட்டடம் போயிருந்தாலும் நடைமேடையின் கல் விளிம்பு, கிணறு, தூங்குமூஞ்சி மர வரிசை, குடியிருப்புகளின் அடித்தளம் ஏதாவது நிற்கும். 'ரயிலடி', 'ஸ்டேஷன் ரோடு', 'கேட்' என்று முடியும் பேருந்து நிறுத்தப் பெயர்களை விடாதீர்கள். கரையோரம் நிலத்தில் புதைந்த எல்லைக் கற்களில் ரயில்வேயின் முதலெழுத்துகளைத் தேடுங்கள், அதன் ஜிபிஎஸ் புள்ளி புலப்படத்தின் மூலையோடு பொருந்தினால் அந்தக் கிராமத்தின் வேலை முடிந்தது.

வேலிக் கம்பமாகவும் மாட்டுக் கொட்டகை விட்டமாகவும் தண்டவாளத் துண்டு கிடைக்கும். அதன் இடுப்பில் உருட்டாலையின் பெயர், ஆண்டு, கெஜத்துக்கு எத்தனை ராத்தல் என்று புடைப்பு எழுத்து இருக்கும். சாக்பீஸைப் படுக்கையாகத் தேய்த்தால் படிக்கலாம். ஒரு ராத்தல் எடை மீட்டருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ, 50 ராத்தல் தண்டவாளம் மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. அந்த ஆண்டு தண்டவாளம் உருட்டிய ஆண்டுதான். பெரிய பாதையில் தேய்ந்ததைக் கிளைப் பாதைக்கு அனுப்புவது ரயில்வேயின் வழக்கம். ஆகவே 1926-இல் திறந்த பாதையில் 1890-இன் தண்டவாளம் கிடைத்தால் ஆச்சரியமில்லை, பாதை 1890-இல் இருந்தது என்று எழுதினால்தான் ஆச்சரியம். எதையும் எடுத்து வராதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு 1966-இன் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது.

ஆட்கள்

தரங்கம்பாடிப் பாதைக்கு இது இன்னும் சாத்தியம், தள்ளிப்போடக்கூடாது. பயணிகளைவிட ஊழியர்களைத் தேடுங்கள்: பாதையைப் பராமரித்த கேங்மேன், கீமேன், கேட் கீப்பர், தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பயணி வண்டியைப் பற்றிச் சொல்வார், கேங்மேன் எந்த மைலில் கரை உடையும் என்று சொல்வார். "எந்த வருஷம் நின்னுச்சு?" என்று கேட்காதீர்கள். கேட்டால் மரியாதைக்கு ஏதோ ஒரு வருஷத்தைச் சொல்லி வைப்பார்கள். "ஐயா, எம்.ஜி.ஆர். இறந்தப்போ வண்டி ஓடுச்சுங்களா? இந்திரா காந்தியைச் சுட்டப்போ?" என்று கேளுங்கள். முதலாவது 1987 டிசம்பர், இரண்டாவது 1984 அக்டோபர். 1977 நவம்பர் புயலும் நாகை, தஞ்சைப் பக்கத்தில் நல்ல அடையாளம், எந்த நிலையத்தின் கூரை போனது என்பது வரை நினைவிருக்கும். கையில் பழைய கால அட்டவணையின் பெரிய அச்சு ஒன்றை வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு பாதையை விட்டு விலகாது.

வீடுகளிலிருந்து வரும் படத்துக்கும் டிக்கெட்டுக்கும் தேதி போடச் சில கொக்கிகள்: மூன்றாம் வகுப்பு டிக்கெட் என்றால் 1974-க்கு முந்தியது. பெயர்ப் பலகையில் மயிலாடுதுறை என்றிருந்தால் 1982-க்குப் பிந்தியது. மீட்டர் கேஜ் எஞ்சின் ஒய்.பி. வகை என்றால் 1949-க்கு முந்திப் போக முடியாது. படத்தில் உள்ளது உங்கள் பாதைதானா என்பது வேறு கேள்வி. மயிலாடுதுறை சந்திப்பில் எடுத்த படம் எந்தப் பாதையின் வண்டியாகவும் இருக்கலாம்.

'மூடிய தேதி' என்று எதை எழுதுவது

கடைசிப் பயணி வண்டி, கடைசிச் சரக்கு வண்டி, வாரியத்தின் முறையான மூடல் அனுமதி, தண்டவாளம் அகற்றியது என நாலு தேதி உண்டு. வெள்ளத்தில் கரை உடைந்து 'தற்காலிகமாக' நின்று, பிறகு ஓடாமலே போன பாதைகளில் முதல் தேதிக்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருக்கும். இணையத்தில் ஒரே பாதைக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் சுற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நாலுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு, தெரிந்ததை மட்டும் நிரப்புங்கள். நீடாமங்கலம்–மன்னார்குடிபோல 1976-இல் மூடி 2011-இல் அகலப் பாதையாகத் திரும்பியவற்றுக்கு ஐந்தாவது கட்டம் வேண்டும்.

பதிவு வைப்பதற்குச் சாதாரண விரிதாள் போதும். ஒரு வரிசைக்கு ஓர் இடம்: நிலையம், பாலம், கேட் எதுவானாலும். மைல் கணக்கு, ஜிபிஎஸ், வருவாய்க் கிராமம், புல எண், என்ன சான்று, சான்றின் தேதி, யார் பார்த்தது என்ற பத்திகள். சான்று எத்தனை வகை என்று கடைசிப் பத்தியில் எண் போடுங்கள்: தாள், வரைபடம், நிலப் பதிவு, களம், வாய்மொழி. மூன்றுக்குக் குறைந்ததை உறுதி என்று எழுத வேண்டாம். ஒரே புத்தகத்தைப் பார்த்து எழுதிய மூன்று கட்டுரைகள் ஒரு சான்றுதான். தன்னார்வலர்கள் வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கோட்டை ஏற்றுவதானால் கரை இன்னும் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளை மட்டும் 'கைவிட்ட பாதை' என்ற குறியோடு ஏற்றுங்கள். வீட்டுமனையாகிப்போன துண்டையும் சேர்த்து வரைந்தால் அடுத்த தன்னார்வலர் மொத்தக் கோட்டையும் அழித்துவிடுவார். மற்ற துண்டுகள் உங்கள் விரிதாளிலும் தடக் கோப்பிலும் இருக்கட்டும், அவற்றின் ஒரு நகலை மாவட்ட மைய நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் கொடுத்துவையுங்கள்.